காடியில் விட்ட இடம்

பலகை காடிக்குள் பாதித் தூரம் போயிருந்தபோது பின்பக்க மேசையில் கிடந்த போன் அதிரத் தொடங்கியது. துஷ்யந்தி திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க முடியாது. அவளுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் ஐந்நூறு வருடத்துக்கு மேல் பழைய ஓக் பலகை ஒன்று இருந்தது. விரல் தடிப்புக்கூட இல்லாத பலகை. அதில் வெள்ளை முக்காடு போட்ட ஒரு பெண், மண்டியிட்டுக் கைகூப்பியபடி, தலைப்பக்கமாக மெல்ல மெல்ல அவளை விட்டு விலகித் தன் பழைய சட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தாள். சட்டத்தின் மேல்கட்டையும் இரண்டு பக்கக் கட்டைகளும் பொருத்தி மேசையில் கிடத்தியாயிற்று. கீழ்க்கட்டையைத்தான் பிறகு போட வேண்டும். பக்கக் கட்டைகளின் உள்விளிம்பில் ஓடுகிற காடிதான் பலகை வழுக்கிப் போகிற பாதை. இப்போது கையை எடுத்தால் வெளியே நிற்கிற பாதிப் பலகையின் பாரம் முழுக்க அந்தக் காடியின் மெல்லிய உதட்டில் போய் விழும். போன் அதிர்ந்தது. மேசையின் தகரப் பரப்பில் அது வண்டு மாதிரிச் சுற்றிச் சுற்றி நகருகிற சத்தம் கேட்டது. அம்மா. வேறு யார் இந்த நேரத்தில். அம்மா ட்ராமில் ஏறிவிட்டாள், இல்லை, ஏறவில்லை, ஏறும்போது விழுந்துவிட்டாள், யாரோ அவளுடைய போனை எடுத்து முதலில் தெரிந்த பெயரை அழுத்துகிறார்கள். “நிறுத்திக்கொள்வோமா?” என்றார் எதிர்ப்பக்கம் விளக்கைப் பிடித்துக்கொண்டு காடியைப் பார்த்து நின்ற கூன். இந்த அருங்காட்சியகத்தின் மரவேலைப் பகுதிக்குப் பொறுப்பான, டச்சு பேசுகிற ஃபிளெமிஷ்காரர், நெடிய மனிதர், ஓய்வுக்குக் கிட்டியவர். “வேண்டாம்” என்றாள் துஷ்யந்தி. போன் நின்றது. நின்ற பிறகுதான் கூடுதலாகப் பயமாக இருந்தது.

காலையில் அம்மா காலில் வெளியே போகிற சப்பாத்தோடு நின்றாள். தேத்தண்ணி ஊற்றும்போதே துஷ்யந்தி கண்டுவிட்டாள், கால் தெரிகிற பக்கமாகவே அம்மா நின்றாள், கேட்கட்டும் என்று. கேட்டாள். “எங்கயம்மா வெளிக்கிடுறியள்?” “உன்ர வேலை இடத்துக்கு. அந்தப் படத்தை இண்டைக்குச் சட்டத்துக்குள்ள போடப்போறாய் எண்டு நீதானே சொன்னனீ.” “சனிக்கிழமை நான் கூட்டிக்கொண்டு போறன்.” “சனிக்கிழமை நீ நித்திரை கொள்ளுவாய்.” “உங்களுக்குப் பாஷை தெரியாதேயம்மா.” “ட்ராமோட என்னத்தைக் கதைக்கிறது? அது வரும், நான் ஏறுவன், அது நிக்கும், நான் இறங்குவன்.” துஷ்யந்திக்குக் கோபம் வந்தது. கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள். வரும்போது அம்மாவின் கம்பளிக்குல்லா கொளுவியில் தொங்கியதைக் கண்டாள், எடுத்துக் கொடுத்திருக்கலாம், கொடுத்தால் போகச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டாள். வெளியே சித்திரை மாதத்து வெயில்தான், ஆனால் இந்த ஊர் வெயிலை நம்ப முடியாது, அது படத்தில் வரைந்த விளக்கு. குல்லா இல்லாமல் போயிருப்பாள். காது அடைத்திருக்கும். காது அடைத்தால் ட்ராமின் மணி கேட்காது. “இடப்பக்கம் நன்றாகப் போகிறது” என்றார் கூன். “ஒரு நெல்மணி அளவு தள்ளு.” நெல்மணி என்று அவர் சொல்லவில்லை, அவர் வேறு ஏதோ தானியத்தைச் சொன்னார், அவளுடைய மண்டைக்குள் அது நெல்லாக வந்து விழுந்தது. தள்ளினாள். வெள்ளை முக்காடு ஒரு நெல்மணி அளவு விலகியது.

பலகையின் ஓரம் முழுக்க, படம் முடிகிற இடத்தில், வெள்ளையாக ஒரு வரம்பு ஓடியது. வயல் வரம்பைப் போலவே, ஆனால் நகத்தால் தொட்டால் மட்டும் தெரிகிற உயரம். துஷ்யந்திக்கு இந்தத் தொழிலில் முதன்முதலில் பிடித்துப்போனது இந்த வரம்புதான். அந்தக் காலத்தில் பலகையை முதலில் சட்டத்துக்குள் பூட்டிவிட்டுத்தான் வரைவார்கள். சீமைச்சுண்ணாம்பையும் தோல்பசையையும் குழைத்துச் சட்டம், பலகை என்று பாராமல் ஒன்றாகப் பூசுவார்கள். பூச்சு இரண்டும் சேருகிற மூலையில் கொஞ்சம் தேங்கித் தடிக்கும். பிறகு எவனோ ஒருவன் சட்டத்தைக் கழற்றினாலும் அந்தத் தடிப்புப் பலகையோடு வந்துவிடும். இந்தப் படம் இந்த அளவில்தான் பிறந்தது, ஒருவரும் வெட்டிக் குறுக்கவில்லை என்பதற்கு அது ஒன்றே போதும். வரம்புக்கு வெளியே வெறும் மரம். அந்த மரம் ஏதோ ஒரு வடக்கத்திக் காட்டில் நின்று, ஆற்றில் மிதந்து, கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தது. அவளும் அப்படித்தான் வந்தாள் என்று படிக்கிற காலத்தில் நினைத்து ஒரு நாள் சிரித்தாள். பிறகு அதை நினைப்பதில்லை, மரம் விசா கேட்டு வரிசையில் நிற்கவில்லை. வரம்பு உடையக்கூடாது. பலகை கொஞ்சம் சரிந்தாலும் காடியின் உதட்டில் வரம்பு உரசும், ஒரு துண்டு பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். நேராகத் தள்ள வேண்டும், இரண்டு கையும் ஒரே மாதிரி. இரண்டு கையும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. இருக்கின்றனவா? அம்மாவின் வலது கை மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்காது.

தை மாதம், வாசற்படியில் உறைபனி. அம்மா குப்பைப் பையைக் கொண்டுபோய் வைக்க இறங்கினாள், அவ்வளவுதான். துஷ்யந்தி மேலே பல் துலக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை, தேங்காய் விழுந்த மாதிரிக்கூட இல்லை, ஈரத் துணியைப் படியில் போட்ட மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பிறகு அம்மா கூப்பிடவில்லை. அதுதான். கூப்பிட்டிருந்தால் இத்தனை பயம் தங்கியிருக்காது. வாய்க்குள் நுரையோடு ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா படியில் உட்கார்ந்து, கையை மடியில் ஒரு குழந்தையைப் போல வைத்துக்கொண்டு, “ஒண்டுமில்லை, சும்மா இருக்கிறன்” என்கிறாள். அன்றைக்குப் பிறகு “தனியப் போகாதேங்கோ” வந்தது. முதலில் பனி கரையும்வரை என்று சொன்னாள். பனி கரைந்தது. மழை நிற்கும்வரை என்றாள். கனடாவிலிருந்து அண்ணா ரமணன் கதைக்கும்போது குரலை உயர்த்தினான்: “நீ வேலைக்குப் போயிடுறாய், அவ தனிய. இன்னொருக்கா விழுந்தா ஆர் பொறுப்பு? இஞ்ச அனுப்பு. இஞ்ச வயசுபோனாக்களுக்கெண்டு நல்ல இடம் இருக்கு, தமிழ்ச் சனம்தான் நடத்துது, தாதிமார் இருபத்திநாலு மணித்தியாலமும்.” அவள் மறுக்கவில்லை. யோசிப்பம் அண்ணா என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், மடைச்சி. குசினிக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றிருந்தது. அடுத்த நாளிலிருந்து அம்மா வீட்டுக்குள்ளேயே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள், படுக்கையறையிலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து ஜன்னலுக்கு. ஏனம்மா என்றால், “சப்பாத்து இளகட்டும்” என்றாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. இம்முறை நீளமாக. “துஷ்யந்தி” என்றார் கூன், அவளுடைய பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படி ஏறுவது போலச் சொல்லுவார், “நான் இப்பக்கம் வந்து பிடித்துக்கொள்கிறேன், நீ போய் எடு.” வந்து பிடிக்கலாம். ஆனால் அவர் விளக்கைக் கீழே வைத்து, மேசையைச் சுற்றி வந்து, அவளுடைய கைகளுக்குள் தன் கைகளை நுழைக்கிற அந்தக் கொஞ்ச நேரம் பலகை யாருடைய கையிலும் முழுதாக இருக்காது. கை மாறுகிற நேரம்தான் எல்லாம் நடக்கும். பதினொரு வயதில் அவள் தெரிந்துகொண்ட விஷயம் அது. போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி நடந்த மழை நாளில், நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட, சனம் சனத்தின் மேல் ஏறி நின்ற இடத்தில், அம்மா அவளை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பையை மாற்றிப் பிடிக்கப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம். அந்த மூச்சு நேரத்தில் இரண்டு பேருமே இல்லை, சுற்றிலும் நனைந்த முதுகுகள், சைக்கிள் ஹாண்டில்கள், யாருடையவோ கோழி. பிறகு ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது, அம்மாவின் கை. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் போய் இருக்கும்வரை அந்தக் கை விடவில்லை. விட்டபோது மணிக்கட்டில் விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது, நீலம் மறையக் கன நாள் எடுத்தது. வலித்தது என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. வலித்ததாகவே நினைவில்லை. பிடிபட்டதுதான் நினைவு. “வேண்டாம் கூன், இப்படியே போவோம்” என்றாள். போன் நின்றது. அம்மா இப்போது எங்கே நின்றுகொண்டு காதில் போனை வைத்திருக்கிறாள்? எந்தச் சந்தியில்?

பலகையும் நின்றது. தள்ளினாள், போகவில்லை. காடியில் பழைய பசை மிச்சம் இருக்கிறதோ? நூறு வருடத்துக்கு முன்பு எவனோ ஒருவன் பலகை ஆடுகிறதென்று சொல்லி இரண்டு பக்கக் காடியிலும் பசையை வார்த்து இறுக்கியிருந்தான். மரம் சுருங்கப் பார்த்திருக்கிறது. ஓக் மரம் நீளவாக்கில் அசையாது, குறுக்குவாக்கில் வெயிலுக்குச் சுருங்கி ஈரத்துக்கு விரியும், வெட்டிப் போட்டு ஐந்நூறு வருடமானாலும் அந்தப் பழக்கம் போகாது. பக்கம் இரண்டும் ஒட்டுப்பட்டுக் கிடக்க, சுருங்க வழியில்லாமல் நடுவில் வெடித்தது. முக்காட்டின் ஓரத்தில் தொடங்கி, கன்னத்தால் இறங்கி, கூப்பிய கை வரைக்கும். அந்தப் பசையை ஈரம் காட்டி, இளக்கி, சுரண்டி எடுக்க மாரிகாலம் முழுக்கப் போனது. அவனைத் திட்டாத நாளில்லை. பெயர் தெரியாத அவனுக்குத் தமிழில் எத்தனை வசை, இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் விளங்காத வசை. போன கிழமை கூட்டத்தில் அருங்காட்சியகப் பணிப்பாளர் அம்மையார் கேட்டார், பலகை சட்டத்தை விட ஒடுக்கமாக இருக்கிறதே, பக்கங்களில் வெறும் மரம் தெரியுமே, பார்க்கிறவர்கள் நாங்கள் அளக்கத் தெரியாதவர்கள் என்று நினைக்க மாட்டார்களா என்று. கூன்கூடக் காடிக்குள் தக்கைத் துண்டுகள் வைத்து நெருக்கினால் என்ன என்றார். துஷ்யந்தி மறுத்தாள். முதலில் செய்த தச்சன் காடியைத் தேவைக்கு மேல் ஆழமாகத்தான் வெட்டியிருக்கிறான், அது பிழையல்ல, பலகை போய்வர அவன் விட்ட இடம் என்று, அகராதியில் தேடிப் படித்துவைத்த டச்சுச் சொற்களால் அத்தனை பேருக்கும் முன்னால் வாதாடி வென்றாள். வென்ற பலகை இப்போது அசைய மாட்டேன் என்கிறது.

“பசை இல்லை” என்றார் கூன். குனிந்து விளக்கைக் காடியின் ஓரமாகவே கிடத்திப் பார்த்தார். “காடி சுத்தம். உன் வலது கை அழுத்துகிறது. நீ அதை இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறாய்.” அவள் தன் கையைப் பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அவளுக்குத் தெரியாமலே வலது கை பலகையை நெரித்துப் பிடித்திருந்தது, போன் அதிர்ந்ததிலிருந்தே பிடித்திருக்க வேண்டும், விழுந்துவிடும் என்று பயந்து. விழாமல் பிடித்தபடியே அதைக் கோணலாக்கிக்கொண்டிருக்கிறது. விடு என்று கைக்குச் சொன்னாள். கை விடவில்லை. கை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவன்கூட இப்படித்தான் நின்றிருப்பான், அந்தப் பசைக்காரன். ஒரு பழைய பலகை தன் பொறுப்பில் இருக்கும்போது கடகடவென்று ஆடுகிறது, இரவில் அதை நினைத்து நித்திரை வராமல், இனி ஆடாது என்று பசையை வார்த்திருப்பான், வார்த்த பிறகு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான். கெட்டவனில்லை. முதன்முறையாக அவனை நினைக்கப் பாவமாக இருந்தது. மூச்சை வெளியே விட்டாள். சுண்டுவிரல் தளர்ந்தது, பிறகு மோதிரவிரல், பிறகு உள்ளங்கை தட்டையாகி, பலகைக்குக் கீழே ஒரு தட்டு மாதிரி மட்டும் நின்றது. பிடிக்கவில்லை, தாங்கியது. பலகை தானாகக் கொஞ்சம் வலப்பக்கம் வந்தது. “ஆ” என்றார் கூன். தள்ளினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, கூட நடந்தாள். முக்காடு போட்டவள் ஒரே சீராகப் போனாள், கன்னம், கூப்பிய கை, நீலப் பாவாடையின் மடிப்புகள், மண்டியிட்ட இடத்துப் புல். மேல்கட்டையின் காடியில் பலகை போய் முட்டியபோது கதவு சாத்துகிற மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. இரண்டு பக்கமும் வரம்பு முழுதாக இருந்தது. வரம்புக்கு வெளியே, சட்டத்துக்கு உள்ளே, பழுப்பாக ஒரு கோடு வெறும் மரம்.

கூன் கீழ்க்கட்டையைக் கொண்டுவந்து, அதன் நுனிக் கழுந்துகளைப் பக்கக் கட்டைகளின் துளைக்குள் ஏற்றி, மர முளையை வைத்து ஒரு தட்டுத் தட்டிய அடுத்த கணம் அவள் போனிடம் ஓடினாள். இரண்டு அழைப்பும் அம்மாதான். திருப்பி எடுத்தாள். மணி போனது, போனது, போனது. மறுபடி எடுத்தாள். வீட்டிலிருந்து இந்த நிறுத்தம்வரை ட்ராமில் ஐந்து நிமிடம். நெல்மணி நெல்மணியாகத் தள்ளியதில், முதல் அழைப்பு வந்து இப்போது ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அவளுடைய மனம் அம்மாவை ஆஸ்பத்திரியில் கிடத்தியது, பொலிஸ்நிலையத்து நீள வாங்கில் இருத்தியது, அண்ணாவுக்கு என்ன சொல்வதென்று சொற்களை அடுக்கியது. மேலங்கியின் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு படியால் பாதி இறங்கியபோது கீழே வரவேற்பறையில் ஒரு குரல் கேட்டது. தமிழ். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அம்மா தமிழிலேயே, நிதானமாக, விளக்கிக்கொண்டிருந்தாள்: “துஷ்யந்தி. என்ர மகள். மேல படம் ஒட்டுற பிள்ளை.”

அம்மாவின் முகம் காற்றில் சிவந்து, தலைமயிர் நாலா பக்கமும் பறந்து கிடந்தது. சேலைக் கரையில் மணல்.

“எங்கயம்மா போனியள்?”

“கடலுக்கு.”

“கடலுக்கோ?”

“இஞ்ச இறங்கத்தான் எழும்பினனான். பார்த்தா அங்கால கடல் தெரியுது. வெயிலுக்கு நல்ல நீலமாக் கிடந்துது. நான் கார்த்திகையில பார்த்தது சாம்பல் கரைச்ச தண்ணி மாதிரியெல்லோ. சரி, ட்ராம் போற இடமட்டும் போய்ப் பார்ப்பம் எண்டு இருந்திட்டன். உனக்குக் காட்டத்தான் எடுத்தனான், வீடியோவில. நீ எடுக்கேல்லை.”

“கையில பலகை இருந்ததம்மா. பேந்து நான் எடுக்க நீங்கள் எடுக்கேல்லையே.”

“அப்ப ட்ராமில கொண்ணன் ரமணனோட கதைச்சுக்கொண்டெல்லோ வந்தனான். அவனுக்கும் கடலைக் காட்டினன். அங்க விடியப்புறம் போல, பயந்தடிச்சு எழும்பினான். ‘அம்மா, ஆரோட நிக்கிறியள்?’ எண்டு கேக்கிறான். கடலோட நிக்கிறன் எண்டன்.”

துஷ்யந்திக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து இரண்டும் மூக்கிலேயே நின்றன. மேலே கூட்டிக்கொண்டு போனாள். அம்மா படிகளில் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள், மகளின் கையைப் பிடிக்கவில்லை. கூன் எழுந்து நின்று தலைகுனிந்து வணக்கம் சொன்னார். பெயரைக் கேட்டதும் அம்மா அவரை அடியிலிருந்து முடிவரை பார்த்தாள். “கூனோ? ஆள் கமுக மரம் மாதிரி நிமிந்தெல்லோ நிக்கிறார்.” என்ன சொல்கிறார் என்று கூன் கேட்டார், நல்ல உயரமாம் என்று துஷ்யந்தி பாதியை மட்டும் மொழிபெயர்த்தாள். பிறகு அம்மா படத்துக்குக் கிட்டப் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். கன நேரம் பார்த்தாள். “இவ ஆர்?” “தெரியாதம்மா. இந்தப் படத்தைக் கோயிலுக்குக் குடுத்தவரின்ர மனுசியா இருக்கும்.” “கன்னத்தில இந்தக் கோடு?” “வெடிச்சிருந்தது. ஒட்டியிருக்கிறம்.” “தெரியேல்லை. நீ சொன்னாப்பிறகுதான்—” என்று தொடங்கியவள் நிறுத்தினாள், ஏனென்றால் கேட்டதே அவள்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஓரத்து வெறும் மரத்தைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பணிப்பாளர் அம்மையாருக்குத் தெரிந்த குறை அம்மாவின் கண்ணுக்கே படவில்லை. அவள் அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

“நான் வெளிக்கிடப்போறன்” என்றாள் அம்மா. “அஞ்சு மணிக்கு நானும் வருவன், ஒண்டாப் போவம், கன்ரீனில இருங்கோ.” “அஞ்சு மணிக்கு ட்ராமில சனம். நான் இப்ப போறன்.” சொல்ல வந்த சொற்கள் அத்தனையும் வரிசையாக வாயில் வந்து நின்றன: காற்று, மணிக்கட்டு, அண்ணா, மழை வரும். துஷ்யந்தி தன் கம்பளிக் கழுத்துத்துணியை எடுத்து அம்மாவின் தலையில் போட்டு, காதுகளை மூடிக் கட்டிவிட்டாள். “சரியம்மா. போயிட்டு வாங்கோ.” அம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள், இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கிறவள் மாதிரி. வரவில்லை. அம்மா போனாள்.

ஜன்னலால் பார்த்தால் ட்ராம் நிறுத்தம் தெரியும். அம்மா தெருவைக் கடந்தாள், இடமும் வலமும் பார்த்துத்தான் கடந்தாள், கடந்து போய் எதிர்ப்பக்கத் தளத்தில் நின்றாள். பிழையான தளம். வீட்டுக்குப் போகிற ட்ராம் இந்தப் பக்கம் வரும். அந்தப் பக்கம் நின்றால் ட்ராம் ஊரை விட்டு வெளியே, கடற்கரை வழியே கொண்டுபோய்விடும். துஷ்யந்தியின் கை போனை எடுத்துவிட்டது, பெருவிரல் அம்மாவின் பெயர்மேல் நின்றது. ஜன்னலைத் திறந்து கத்தினாலும் கேட்கும். அப்போது அம்மா சப்பாத்தின் மணலைத் தளத்தின் விளிம்பில் தட்டுவதையும், தட்டிவிட்டு ட்ராம் வருகிற பக்கத்தை எட்டிப் பார்ப்பதையும் கண்டாள். வழி தவறியவள் அப்படி நிற்க மாட்டாள். “இன்னும் ஒரு முளை இருக்கிறது, வருகிறாயா?” என்றார் கூன். “ஒரு நிமிடம்” என்றாள். ட்ராம் வந்து மறைத்தது. கதவு திறந்து மூடியது. அது நகர்ந்தபோது தளம் வெறுமையாகக் கிடந்தது. கடல் பக்கத்து ஜன்னலோரம் ஒரு கழுத்துத்துணி கட்டிய தலை தெரிந்தது, முன்னால் பார்த்தபடி, திரும்பாமல்.